புள்ளி இல்லாத முத்திரை

உவர்மலை வீட்டு அலுமாரிக்கு மேல ஒரு பிஸ்கட் தகரம் இருக்கு. சின்ன வயசில பிஸ்கட் எண்டு நம்பி எத்தனை தரம் கதிரை போட்டு ஏறி ஏமாந்திருப்பம்! உள்ளே அப்பப்பாவுக்கு வந்த கடிதங்கள்தான். அவர் பிரிட்டிஷ் கடற்படைக் காலத்தில் இங்கே டொக்யார்ட்டில் வேலை செய்தவர். 1957இல் வெள்ளைக்காரர் தளத்தை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறிய பிறகும் அவர் ஒரு கடிதத்தையும் எறியவில்லை.

எங்களில் ஒருத்திக்கு வகுப்புக் காசு கட்ட வேண்டியிருந்தது. ஆரோ சொல்லி, கொழும்பில் ஒரு முத்திரை வியாபாரிக்கு தொலைபேசி எடுத்தம். "தகரத்தோட அனுப்புங்கோ, ஐயாயிரம் தாறன்" எண்டார். பார்க்காமலே விலை சொல்றாரே எண்டு எங்களுக்குச் சந்தேகம். முதலில் நாங்களே என்ன இருக்கெண்டு படிச்சுப் பாப்பம் எண்டு முடிவெடுத்தம்.

படிக்க முன்னம் செய்ததுதான் மடத்தனம். பதினொரு உறைகளை வாளித் தண்ணியில் ஊறப்போட்டு முத்திரைகளைக் கழற்றி, தினசரித் தாளில் காயவைத்தம். கரைஞ்சுபோன உறைகளை அள்ளிக் குப்பையில் போட்டம். வெகு சுத்தமான வேலை!

பழைய இலங்கை முத்திரை என்றாலே எல்லாரும் தேடுவது 1859இன் மங்கல் ரோசா நிற நாலு பென்ஸைத்தான். விளிம்பில் துளை இல்லாத முத்திரை அது. அதே முத்திரை பிறகு துளையோடும் வந்தது. துளைப் பற்களை வெட்டி எறிந்துவிட்டு 'துளை இல்லாதது' என்று ஏமாற்றலாம் என்பதால், நாலு பக்கமும் விளிம்பு தாராளமாக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். எங்கட தகரத்தில் விக்டோரியா மகாராணி எட்டியும் பார்க்கவில்லை. எல்லாம் ஆறாம் ஜோர்ஜ் காலமும் அதற்குப் பிறகும்.

ஆனால் ஒரு ரூபா முத்திரை ஒன்று இருந்தது. படம்: எங்கட திருகோணமலை! 1938இல் தொடங்கிய வரிசை அது. அந்த வரிசையில் பத்து, இருபத்தைந்து, ஐம்பது சதங்களிலும் ஒரு ரூபாவிலும் கடதாசிக்குள் இருக்கும் நீர்க்குறி முதலில் படுக்கையாக இருந்தது. யுத்தக் காலத்தில் நிமிர்ந்து நிற்கும் நீர்க்குறியோடும் அச்சாகி வந்தன. முன்பக்கம் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். கறுப்புத் தட்டில் முத்திரையைக் குப்புறப் போட்டு இரண்டு சொட்டு லைட்டர் பெற்றோல் விட்டால், கிரீடமும் எழுத்துகளும் இருட்டாக எழும்பி வருகின்றன. (ஜன்னலைத் திறந்து வையுங்கோ. குத்துவிளக்குப் பக்கத்தில் செய்யாதேங்கோ. செய்தனாங்கள், அதுதான் சொல்றம்.) எங்களுடையது படுத்துக் கிடந்தது. அதே வரிசையில் றப்பர் பால் வெட்டும் இரண்டு சதத்துக்கு வேறு சோதனை: இரண்டு சென்ரிமீற்றருக்குள் எத்தனை துளை என்று எண்ண வேண்டும். ஒரே படம், ஆனால் பல துளைக் கணக்கு. அதில் ஒன்று மற்றவற்றைவிடப் பல மடங்கு அரிது.

எங்களை நித்திரை கொள்ளவிடாதது வேறொன்று. 1952இல் வந்த முப்பத்தைந்து சத வெசாக் ஓர்க்கிட். அதில் தமிழும் உண்டு. முதல் அச்சில் அந்தத் தமிழில் ஓர் எழுத்தின் மேல் புள்ளி இல்லை. 1954இல் புள்ளியோடு திரும்பி வந்தது. லண்டன் விலைப்பட்டியல் இதை இரண்டு வகையாகப் பிரித்து, பின்னதைப் 'புள்ளி சேர்க்கப்பட்டது' என்கிறது. அவர்களுக்கு அது உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேடவேண்டிய ஒரு பொட்டு. எங்களுக்கு? இரண்டாம் வகுப்பில் ரீச்சர் சிவப்பு மையால் வட்டம் போட்ட அதே பிழை! வாசிக்கத் தெரிந்தால் காணும். உலகம் முழுக்க ஆட்கள் தேடும் ஒரு வித்தியாசத்தில் நாங்கள் ஒரு அடி முன்னுக்கு நிற்பது இதுவே முதல் தடவை.

ஓடிப்போய்ப் பார்த்தம். புள்ளி இருக்கவேண்டிய சரியான இடத்தில் தபால் முத்திரைக் குத்து. கறுப்பு மை கட்டியாக.

குத்தில் திகதி இருக்குமே? 1953 என்றால் புள்ளி வந்திருக்கவே முடியாது. பார்த்தால் வட்டத்தின் ஒரு பாதிதான் முத்திரையில். நாளும் மாதமும் தெரியுது. வருடம் மற்றப் பாதியில். மற்றப் பாதி உறையில். உறை...

கொஞ்ச நேரம் ஒருத்தரும் ஒருத்தரின்ர முகத்தைப் பார்க்கவில்லை. உறையோடு இருந்தால்தான் முத்திரை எப்ப, எங்கிருந்து, ஆருக்குப் போனது என்று சாட்சி சொல்லும் என்பதைப் பிறகுதான் படித்தம். ஆனால் எங்களுக்கு உறைத்தது விலை இல்லை. அந்த உறைகளில் அப்பப்பாவின் பெயரை ஆரோ கையால் எழுதியிருந்தார்கள். ஆர் எழுதியது என்று நாங்கள் வாசித்துக்கூடப் பார்க்கவில்லை.

அப்பம்மாவிடம் சொன்னம். ஏசுவா எண்டு நினைச்சம். "அது சின்னண்ணாவின்ர எழுத்தாயிருக்கும்" எண்டு மட்டும் சொல்லிட்டு எழும்பிப் போனா. அது இன்னும் மோசம்.

வியாபாரிக்கு வேண்டாம் எண்டு சொல்லிட்டம். வகுப்புக் காசை இரண்டு மாமாமார் பங்கு போட்டுக் கட்டினார்கள். ஓர்க்கிட் முத்திரை கொப்பியில் ஒரு கேள்விக்குறியோடு இருக்கு.

போன கிழமை அப்பம்மா தன்ர பெட்டியைத் திறந்து இன்னொரு கட்டுக் கடிதம் எடுத்தா. தன்ர கலியாணத்துக்கு முந்தினது, ஆருக்கும் காட்டாதது. கையில் தரவில்லை. மேசையில் வைத்து, "இருந்த இடத்தில வச்சுப் பாருங்கோ. வாளி வீட்டுக்குள்ள வரப்படாது" எண்டா.