பச்சை உடம்புக் குளியல்

பிள்ளை பெற்றவளைப் "பச்சை உடம்புக்காரி" என்பார்கள். அவளுக்குக் குளியல் என்றால் சும்மா இரண்டு செம்பு தண்ணீர் இல்லை. நொச்சி இலையும் வேப்பிலையும் போட்டு அண்டாவில் கொதிக்க வைத்த தண்ணீர், உடம்பெல்லாம் மஞ்சள், முடிவில் சாம்பிராணிப் புகை. அடிவயிற்றில் ஓங்கி ஊற்றினால்தான் வயிறு உள்ளே போகும் என்பது பெரியவர்கள் கணக்கு. (கர்ப்பப்பை சுமார் 6 வாரத்தில் தானாகவே சுருங்கிவிடும். பெருமை என்னவோ தண்ணீருக்கு!)

சிசேரியன் ஆனவளுக்கு?

ஒரு வீட்டில் 12-ம் நாள் இதே சண்டை. தையல் போட்ட இடத்தில் சுடுதண்ணீர் அடித்தால் என்னாவது என்று பேத்தி அழுகிறாள். ஊற்றாவிட்டால் காலத்துக்கும் இடுப்புவலி என்று அம்மாச்சி அழுகிறார். பேத்திக்கும் ராத்திரித் தூக்கமில்லை, முதுகு விண்விண் என்று தெறிக்கிறது. சுடுதண்ணீர் அவளுக்கும் வேண்டும்தான்.

கடைசியில் முக்காலியில் உட்கார வைத்து, தோளிலும் முதுகிலும் மட்டும் இளஞ்சூட்டில் ஊற்றினார்கள். தையல் நனைந்ததைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுத்தார்கள். சாம்பிராணி தலைமுடிக்கு மட்டும், அதுவும் குழந்தை இருக்கும் அறைக்கு வெளியே.

அன்று மத்தியானம் அவள் 2 மணி நேரம் அசந்து தூங்கினாள். அம்மாச்சி வாசலில் உட்கார்ந்து, "அடிவயித்துல ஊத்தலையே..." என்று முனகிக்கொண்டே இருந்தார்.