தோளில் தொங்கும் தண்ணீர்

வயிற்றுப் பக்கம் கீறாமல் ஆட்டுத்தோலை முழுசாக உரித்தெடுப்பதில்தான் துருத்தி என்னும் தண்ணீர்ப்பை தொடங்குகிறது. கறிக்கடையில் கத்தி ஓரிடத்தில் பிசகினாலும் போச்சு. அந்தத் தோல் வேறு எதற்காவது ஆகும், சித்திரைத் திருவிழாவில் அழகர்மேல் தண்ணீர் பீய்ச்ச ஆகாது. அதனால் மதுரையில் இந்த வேலை செய்கிறவர்கள் மாசியிலேயே கறிக்கடைக்காரர்களிடம் சொல்லி வைத்துவிடுகிறார்கள்.

நான் போனது வைகையின் வடகரையில் ஒரு சந்துக்கு. வீட்டுக் கொல்லைதான் பட்டறை. சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த வாடை வாசலிலேயே வந்து ஆளை நிறுத்தும். சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறிய தோலை ஒரு மரக்கட்டைமேல் விரித்து, மழுங்கிய கத்தியால் மயிரை வழித்துக்கொண்டிருந்தார் பெரியவர். பக்கத்தில் அவர் மருமகள் ஆவாரம்பட்டையை உரலில் இடித்துக்கொண்டிருந்தார். பட்டையும் கடுக்காயும் ஊறிய செந்நிறச் சாற்றில் தோல் கிடந்து பதமாக வேண்டும். எப்போது எடுப்பது என்று கேட்டேன். “கூட ஊறுனா இத்துப் போகும், குறைச்சு எடுத்தா கசியும். கைய வச்சுப் பாத்தாத்தான் தம்பி தெரியும்” என்றார். தோலின் ஓர் ஓரத்தை என் கையில் கொடுத்து நெருடிப் பார்க்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் விரல் மட்டும் ‘இன்னும் இல்லை’ என்று முடிவு சொல்லி, தோலைத் திரும்பத் தொட்டிக்குள் அனுப்பியது.

பதமான தோலுக்கு எண்ணெய் தேய்த்து, காற்றடைத்து, நிழலில் தொங்கவிடுகிறார்கள். உட்புறம் ஒன்றோடொன்று ஒட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் காற்று. பிறகு கால்களின் வாயை மெழுகு தேய்த்த நூலால் இறுக்கிக் கட்டி, ஒரு காலில் மட்டும் சின்னப் பித்தளைக் குழலைப் பொருத்துகிறார்கள். கழுத்து வழியாகத் தண்ணீர் நிரப்புவது. தோள்வாரில் மாட்டி அக்குளில் இடுக்கி அழுத்தினால், குழலிலிருந்து நூல்பிடித்தாற்போல் நீர் எழுகிறது. நிரப்பிய துருத்தியை இரவு முழுக்கத் தொங்கவிட்டு, காலையில் அடியில் ஈரம் இல்லை என்றால்தான் விற்பனைக்குப் போகும். போன வருடத்துத் துருத்திகளும் பழுது பார்க்க வந்து குவிந்திருந்தன. எண்ணெய் காட்டிப் பத்திரமாக வைத்தால் அப்பாவின் துருத்தியை மகன் தோளில் போடலாம். அப்படி வந்தவை சிலவற்றைப் பெரியவர் தனியாக எடுத்துக் காட்டினார். அவர் முகத்தில் அத்தனை பெருமை.

சித்திரைப் பௌர்ணமியன்று கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்குகிறார். அழகர்மலை அடிவாரத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் வெயிலில் வந்தவரைக் குளிர வைக்கத்தான் இந்தத் தண்ணீர். சல்லடமும் உருமாவுமாகக் கருப்பசாமி கோலம் பூண்டவர்கள் விரதமிருந்து, ராமராயர் மண்டபத்தருகே கூடி அழகர்மேல் பீய்ச்சுவார்கள். தொ. பரமசிவன் 1989-இல் வெளிவந்த ‘அழகர் கோயில்’ ஆய்வில் இந்த அடியவர்களைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். திருவிழாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆற்றோடு நின்றுவிடுகிறார்கள். என் மனம் நின்றது தெருவில்.

துருத்திக்காரர் ஒருவர் வீட்டிலிருந்து புறப்பட்டால் தெருவே கூடப் புறப்படுகிறது. ஒவ்வொரு வாசலிலும் குடமும் அண்டாவும் நிரம்பி நிற்கும். மஞ்சள் கரைத்து, பன்னீர் தெளித்து வைத்திருப்பார்கள். துருத்தி காலியானால் எந்த வீட்டு வாசலிலும் நிற்கலாம். யார், எந்த ஊர் என்று கேட்காமல் மொண்டு ஊற்றுவார்கள். கைமாறாக வீட்டுப் பிள்ளைகள்மேல் ஒரு பீய்ச்சு. அதற்காகவே பிள்ளைகள் காலையிலிருந்து வாசலை விட்டு நகர்வதில்லை. வருடம் முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுப் பெண்கள் ஒரே அண்டாவிலிருந்து மொண்டு கொடுத்ததைப் பார்த்தேன். கொல்லையில் இதற்கு ஒத்திகையும் நடக்கிறது. சோதனைக்கு நிரப்பிய துருத்தியைப் பெரியவரின் பேரன் தூக்கிக்கொண்டு ஓட, அடுத்த வீட்டுப் பிள்ளைகள் சுவரேறி வந்துவிட்டார்கள். அவர் தடுக்கவில்லை. தாங்குகிறதா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி கிடையாது என்றார்.

இந்தத் துருத்திக்கு வந்த கேடு மோட்டார் பம்பு. அது தண்ணீரை அம்பாகப் பாய்ச்சுகிறது. குதிரைமேல் நிற்கும் பட்டர்களுக்கு அடி, சிலைக்கும் ஆபரணங்களுக்கும் சேதம் வரும் என்ற அச்சம். கண்ட கலவைகளையும் சேர்க்கிறார்கள். 2024-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மரபான தோல்பையால்தான் பீய்ச்ச வேண்டும், அழுத்தம் மிகுந்த பம்பு கூடாது என்றது. சரியான சொல். துருத்தியில் நீரின் வேகம் மனிதக் கையின் பலத்தைத் தாண்டாது. எதிரே நிற்பவர் குழந்தையா பெரியவரா என்று பார்த்துக் கை தானாக இளகும். பம்புக்கு அந்தக் கண் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தோல் வேலை செய்கிறவர்களை இந்த ஊரும் ஒதுக்கித்தான் வைத்திருக்கிறது. வாடை வருகிறது என்று வாடகைக்கு வீடு மறுத்ததை மருமகள் தலை நிமிராமல் சொன்னார். அவர் இடித்த பட்டையில் பதமான தோலின் தண்ணீர்தான் அழகர் திருமேனியில் விழுகிறது. அதைத் தீர்த்தமென்று தலையில் ஏற்றுக்கொள்கிறவர்கள், செய்து கொடுத்தவருக்கு வீடு இல்லை என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை.

கொரோனாவால் 2020, 2021 இரண்டு சித்திரையிலும் அழகர் வைகைக்கு வரவில்லை. பதப்படுத்திய தோல்கள் கொல்லையிலேயே கிடந்து வீணாயின என்றார் பெரியவர். அவர் மகன் இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். பங்குனியில் மட்டும் வந்து கட்டு வேலைக்கு உட்காருகிறார். ஒரு பருவத்து வருமானத்தில் வருடத்தைத் தள்ள முடியாது என்பதுதான் காரணம்.

வரும் சித்திரைக்கு நேர்த்திக்கடன் உள்ளவர்கள் திருவிழா நெருக்கத்தில் கடைகடையாக அலையாமல், மாசியிலேயே இவர்களைத் தேடிப்போய் முன்பணம் கொடுத்துச் சொல்லி வையுங்கள். பேரம் பேசாதீர்கள். நேர்த்திக்கடன் இல்லாதவர்கள் வாசலில் ஓர் அண்டா தண்ணீர் நிரப்பி வையுங்கள்.