ஒரு வாஷருக்காக பாஸ் வரும்வரை காத்திருப்பதா?



தண்ணி பில் பற்றிப் போன கிழமை போட்ட பதிவுக்குப் பிறகு இன்பொக்ஸ் நிறைய ஒரே கதைதான். "டீச்சர், பாத்ரூம் பைப் சொட்டுது. பாஸுக்கு கோல் எடுத்து நாலு நாளாச்சு. இண்டைக்கு வாறன், நாளைக்கு வாறன் எண்டு செல்லுறாரே தவிர ஆளைக் காணல்ல." கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை இரண்டு பக்கத்திலிருந்தும் எழுதியிருந்தீர்கள். எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். கணவர் கட்டாரிலோ சவூதியிலோ இருப்பார். அல்லது வயதான உம்மாவும் படிக்கிற பிள்ளைகளும் மட்டும் உள்ள வீடு. பாஸ் வந்தாலும், வீட்டில் ஆம்பிளை இல்லாத நேரம் உள்ளே எடுப்பதா என்ற யோசனை வேறு. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தேத்தண்ணியோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

பாஸ்மாரைக் குறை சொல்ல வரவில்லை. நாள் சம்பளத்துக்குப் போகிறவர், அரை மணித்தியால வாஷர் வேலைக்காக பெட்ரோல் அடித்து வந்தால் அவருக்குக் கட்டாது. நாங்களே செய்யக்கூடியதை நாங்கள் செய்துவிட்டால், அவரது கைத்தொழில் தேவைப்படுகிற வேலைக்கு அவரை மரியாதையாகக் கூப்பிடலாம்.

சொட்டுகிற பைப்பில் தொடங்குவோம். எட்டாம் தரப் பிள்ளைகளுக்கு இதை ஒரு கணக்காகவே கொடுப்பேன். சொட்டும் பைப்புக்குக் கீழே 200 மில்லிலீற்றர் கிளாஸ் ஒன்றை வையுங்கள். பத்து நிமிடத்தில் அது நிறைந்தால் மணித்தியாலத்துக்கு 1.2 லீற்றர், நாளைக்கு 28.8 லீற்றர், முப்பது நாளில் 864 லீற்றர். பில்லில் ஒரு யூனிட் என்பது 1000 லீற்றர். ஒரு வருடம் வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பி, "டீச்சர், இதில எத்தனை வுழூ எடுக்கலாம்?" என்று கேட்டது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுழூ செய்தார்கள் என்று வருகிறது. அதை முக்கால் லீற்றர் என்றே வைத்தாலும் ஆயிரத்துக்கு மேல் வரும். களனி கங்கையிலிருந்து அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்து, பம்ப் பண்ணி, கொழும்புக்கு அனுப்புகிற தண்ணி அது. 2022 செப்டெம்பரிலும் 2023 ஓகஸ்டிலும் கட்டணம் கூடியபோது எங்களுக்கு வந்த பில்லை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

வேலை இதுதான். முதலில் மெயின் கொக்கைப் பூட்டுங்கள். பைப்பைத் திறந்து உள்ளே மிச்சமிருக்கும் தண்ணியை விடுங்கள். சிங்க் ஓட்டையை ஒரு துணியால் அடையுங்கள், ஸ்குரூ விழுந்தால் போய்விடும். தலையைக் கழற்றி, ஸ்பேனரால் உள்ளே இருக்கும் கட்டையைக் கழற்றினால் அடியில் தேய்ந்துபோன இறப்பர் வாஷர் இருக்கும். அதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு ஹார்ட்வெயார் கடைக்குப் போங்கள். "அரை இஞ்சி" என்று வாயால் சொல்வதை விட பழையதைக் காட்டுவதுதான் புத்தி. கொட்டாஞ்சேனை ஆட்களுக்குப் பழைய சோனகத் தெரு பக்கத்தில்தானே, அங்கே கிடைக்காத சாமான் இல்லை. ஒரு கொத்து பார்சலுக்குக் கொடுக்கிற காசில் பாதிகூட வராது. கால் சுற்றில் திறந்து பூட்டுகிற புது மாதிரி பைப் என்றால் அதில் வாஷர் இருக்காது. உள்ளே ஒரு கார்ட்ரிஜ் இருக்கும், அதை முழுசாக மாற்ற வேண்டும். மூட்டில் கசிந்தால் வெள்ளை த்ரெட் டேப் சுற்றுங்கள். மரை உங்கள் முகத்தைப் பார்த்திருக்க, மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாக. மாறிச் சுற்றினால் பூட்டும்போது டேப் உரிந்து வந்துவிடும்.

கொமட் டேங்க் சத்தமில்லாமல் குடிக்கும் தண்ணி இன்னும் மோசம். இரவு படுக்கப்போகும்போது டேங்கில் கொஞ்சம் கேசரி கலர் போடுங்கள். யாரும் ஃப்ளஷ் பண்ண வேண்டாம். அரை மணித்தியாலம் கழித்து கீழே கலர் தெரிந்தால் உள்ளே இருக்கும் இறப்பர் மூடி போய்விட்டது.

அடுத்தது காஸ். இதைப் பற்றித்தான் எனக்குக் கூடுதலாகச் சொல்ல இருக்கிறது. 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்க அடுப்புகள் வெடித்த காலத்தில், அடுப்பு மூட்டும்போது கலிமா சொன்ன வீடுகள் எத்தனை! சிலிண்டரை வெளி வராந்தாவில் வைத்துவிட்டு விறகுக்கு மாறினவர்களும் உண்டு. சிலிண்டருக்குள் புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாறியிருந்ததை ஆராய்ந்த குழு காரணமாகச் சொன்னது. கலவையை நாங்கள் மாற்ற முடியாது. ஆனால் ரெகுலேட்டர், ஹோஸ், கிளிப் மூன்றும் எங்கள் கையில்.

ஒரு கோப்பையில் பாத்திரம் கழுவும் லிக்விடைத் தண்ணியோடு கலந்து, பழைய பிரஷ்ஷால் ரெகுலேட்டர் மூட்டிலும் ஹோஸின் இரண்டு நுனியிலும் தடவுங்கள். அடுப்புப் பூட்டி, ரெகுலேட்டர் திறந்திருக்க வேண்டும். நுரை குமிழாக ஊதிக்கொண்டு வந்தால் கசிவு. சிலிண்டர் மாற்றுகிற ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள், இரண்டு நிமிட வேலை. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அல்லாஹ் காப்பாற்ற வேண்டும். ஹோஸை வளைத்துப் பார்க்கும்போது வெடிப்புத் தெரிந்தால் டேப் ஒட்டாமல் புதிதாக வாங்குங்கள். காஸ் மணம் வந்தால் ரெகுலேட்டரைப் பூட்டி, கதவு ஜன்னல்களைத் திறவுங்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், நிற்பாட்டவும் வேண்டாம், இரண்டிலும் பொறி வரும். இந்த காஸ் காற்றைவிடப் பாரம். நிலத்தோடு கிடக்கும் என்பதால் மேல் ஜன்னல் மட்டும் போதாது, கதவு திறந்திருக்க வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் என் எல்லை சின்னது. பிளக் மாற்றலாம், அதையும் சுவரிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டுதான். மண்ணிற வயர் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் ஏர்த். சுவரில் இருக்கும் சொக்கட், டிபி பெட்டி, கீசர் பக்கம் போக வேண்டாம். அதற்கு என்.வி.கியூ. சான்றிதழ் உள்ள எலக்ட்ரிஷியன். எங்கள் வீடுகளில் ஓடுவது 230 வோல்ட்.

ஆனால் ட்ரிப் சுவிட்சில் "டெஸ்ட்" என்று ஒரு சின்னப் பட்டன் இருக்கிறதே, அதை மாதத்துக்கு ஒருதரம் அமுக்க எலக்ட்ரிஷியன் தேவையில்லை. உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அது சுவரில் தொங்குகிற அலங்காரம் மட்டும்தான், அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். 30 மில்லிஅம்பியர் கசிந்தாலே வெட்டிவிட வேண்டிய சாமான் அது. அடிக்கடி விழுந்தால் எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதுதான் கள்ளன். சுவிட்சை நிற்பாட்டினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. சாதாரண சுவிட்ச் லைவை மட்டும்தான் வெட்டும். நியூட்ரல் வழியாகக் கசிந்தால் பிளக் சொருகியிருக்கும்வரை ட்ரிப் விழுந்துகொண்டே இருக்கும்.

மழைக்கு முன் பீலி. 2017இல் நாட்டில் 1,86,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. என் வகுப்பிலும் அந்த வருடம் மேசைகள் வெறுமையாக இருந்தன. நுளம்பு முட்டையிலிருந்து பறக்க ஒரு கிழமை அளவே போதும். பீலியில் அடைந்த இலையும் அதன்மேல் நிற்கும் தண்ணியும் அதற்குத் தாராளம். பி.எச்.ஐ. வந்து எழுதும்வரை பார்த்திருக்காமல், உறுதியான ஏணி வைத்து, ஒருவர் கீழே பிடிக்க, கையுறையோடு அள்ளி எடுங்கள்.

கூரை மேல் மட்டும் ஏறாதீர்கள். அஸ்பெஸ்டஸ் சீட் பழசானால் காலை வைத்ததும் உடையும். அதைத் துளைப்பதும் காய்ந்தபடி பிரஷ்ஷால் தேய்ப்பதும் கூடாது, நுரையீரலுக்குள் போகிற தூசி அது. நீல அஸ்பெஸ்டஸை 1987இலேயே தடை செய்துவிட்டோம். மற்றதையும் 2018 ஜனவரியிலிருந்து கட்டுப்படுத்துவதாக இருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா எங்கள் தேயிலையில் வண்டு இருந்ததாகச் சொல்லி இறக்குமதியை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸும் ரஷ்யாவிலிருந்து வருவதுதான். கொஞ்ச நாளில் எங்கள் கட்டுப்பாடு தள்ளிப்போனது, தேயிலையும் திரும்பப் போனது. மிச்சத்தை நீங்களே யோசியுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தரம் 6 முதல் 9 வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்று ஒரு பாடமே இருக்கிறது. பெண் பிள்ளைகள் அதில் நன்றாகவே செய்கிறார்கள். வீட்டுக்குப் போனால், "அதெல்லாம் நானா செய்வார், நீ குசினியைப் பாரு" என்கிறோம். பிறகு அதே மகள் கல்யாணம் முடித்து, மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்க, நள்ளிரவில் பைப் வெடித்து ஹோல் முழுக்க தண்ணி நிற்கும்போது மெயின் கொக் எங்கே என்று தெரியாமல் உம்மாவுக்கு கோல் எடுப்பாள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் முதல் வீட்டு வேலை, உங்கள் வீட்டு மெயின் கொக்கைக் கண்டுபிடித்துப் படம் வரைந்து வா என்பதுதான். வீட்டில் யாருக்குமே தெரியாது என்று வந்து சொன்ன பிள்ளைகள் உண்டு.

வெள்ளவத்தை ஆட்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மெரைன் டிரைவ் பக்கம் உப்புக் காற்று. கதவுப் பிணைச்சலுக்கும் ஜன்னலுக்கும் சாதாரண ஸ்குரூ போடாமல் ஸ்டெயின்லெஸ் போடுங்கள். பல்கனி சீலிங்கில் சீமெந்து பொருக்காக விழுந்து உள்ளே கறள்பிடித்த கம்பி தெரிந்தால், தயவுசெய்து அதைப் பூசி மறைக்காதீர்கள். கறள் பிடித்த கம்பி ஊதும், சுற்றியிருக்கும் கொங்கிறீட்டைத் தள்ளும். மேலே பூசினால் உள்ளே வேலை நடந்துகொண்டே இருக்கும், கீழ் வீட்டுப் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில்தான் விழும். அது எஞ்சினியர் பார்க்க வேண்டிய விஷயம். வாடகை வீடு என்றால் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள், திகதியோடு இருக்கும்.