பொட்டிப்புரத்து மலையும் ஹான்ஃபோர்டு உலையும்

தேவாரத்திற்கு அருகில் மேற்கே நெடுஞ்சுவராய் எழுந்து நிற்கும் மலைத்தொடரைக் கண்டவர் எளிதில் மறப்பதில்லை. சென்ற விடுமுறையில் நண்பர் ஒருவரின் தோட்டத்திற்குச் சென்றிருந்தேன். வரப்போரம் அமர்ந்திருந்த நண்பரின் அத்தா, பொட்டிப்புரம் பக்கமிருந்த அம்பரப்பர் மலையைச் சுட்டிக் காட்டினார்.

"ஹஜ்ரத், அந்த மலையைக் குடைஞ்சு அணுகுண்டு செய்யப் போறாங்கன்னு சொன்னாங்களே, நெசந்தானா? எங்க கிணத்துத் தண்ணி என்னாகும்?"

அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். இரண்டிற்கும் விடை வேறு வேறு.

அங்கே திட்டமிடப்பட்டது நியூட்ரினோ ஆய்வுக்கூடம். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதையும், 50,000 டன் இரும்பினாலான கருவியும் அமைக்கத் திட்டம். விண்ணிலிருந்து பொழியும் பிற துகள்களை மலைப்பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். அது நொடிதோறும் கோடானுகோடியாய் நம் உடலையும் கடந்து செல்கின்றது, தீங்கு செய்வதில்லை. அங்கே அணு உலையும் இல்லை, புளூட்டோனியமும் இல்லை.

ஆயினும் பெரியவரின் அச்சத்திற்கு வரலாற்றில் ஓர் இழை உண்டு. 1943-ல் அமெரிக்காவின் கொலம்பியா நதிக்கரையில், ஹான்ஃபோர்டு என்னும் ஊரில் பழத்தோட்டம் வைத்திருந்த உழவர்கள் உள்ளிட்ட சுமார் 1,500 பேர் வெளியேற்றப்பட்டனர். காரணம் அவர்களிடம் கூறப்படவில்லை. 1944 செப்டம்பரில் அங்கே உலகின் முதல் பெரிய புளூட்டோனிய உலை இயங்கத் தொடங்கிற்று. காரீயக்கல் எனப்படும் கிராஃபைட் அடுக்குகளின் நடுவே யுரேனியம். வெப்பத்தைத் தணிக்க நதிநீர். யுரேனியம் நியூட்ரானை ஏற்றுப் புளூட்டோனியமாக மாறும். அந்தப் புளூட்டோனியமே 1945 ஆகஸ்ட் 9 அன்று நாகசாகியைச் சாம்பலாக்கியது. அங்கு 177 நிலத்தடித் தொட்டிகளில் தேங்கிய அணுக்கழிவைத் தூய்மைப்படுத்தும் பணி இன்னும் முடிந்தபாடில்லை.

விந்தை என்னவெனில், ரெய்ன்ஸ், கோவன் என்னும் இரு விஞ்ஞானிகள் நியூட்ரினோவைத் தேடி 1953-ல் சென்றதும் அந்த ஹான்ஃபோர்டு உலைக்கே! 1956-ல், ஆயுதத்திற்காகவே எழுப்பப்பட்ட சவானா ரிவர் உலையருகே அதனை உறுதியாகக் கண்டறிந்தனர். அழிவுக்கென மூட்டிய அடுப்பின் ஓரத்தில் அறிவு ஒரு விளக்கை ஏற்றிக்கொண்டது.

ஆகவே முதல் கேள்விக்கு, "இல்லை, அத்தா" என்றேன். இரண்டாவது கேள்வி அவ்வாறன்று. பாறையை வெடி வைத்துத் தகர்ப்பதும், காட்டையும் நீரோட்டத்தையும் காப்பதும் மெய்யான கவலைகளே. 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தும், வழக்குகள் தொடர்ந்தன. 2022-ல் தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைத் தெரிவித்தது.

பெரியவர் சற்று நேரம் மலையைப் பார்த்திருந்தார். பிறகு சொன்னார்: "இத முதல்லயே வந்து எங்ககிட்டச் சொல்லியிருந்தா, குண்டுன்னு ஏன் பயப்படப் போறோம்?"

ஹான்ஃபோர்டு உழவரிடம் சொல்லப்படாத அந்தச் சொல், நம் உழவருக்கேனும் உரிய காலத்தில் சொல்லப்பட வேண்டாமா?