பதினாலு ஊசி

1983, ஆடிக் கிருத்திகை சமயம். திருத்தணி மலையடிவாரத்தில் எச்சில் இலை அள்ளப்போன தம்பியை வெறிநாய் கடித்தது. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, தினம் ஒன்று என்றார்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்து. சேரிக்காரர்களைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள். மத்தியானமாகிவிடும், அன்றைய கூலி போச்சு. ஆறாம் நாளோடு அம்மா நிறுத்திவிட்டாள். "புண்ணு ஆறிப்போச்சே, நல்லாத்தான இருக்கான்." இரண்டு மாசம் கழித்துத் தண்ணிச் சொம்பைப் பார்த்து அலறினான். நோய் கண்டபின் வைத்தியமில்லை. மூன்றாம் நாள் புதைத்தோம்.

அந்த மருந்தை இந்தியா 2004-இல் கைவிட்டது. இப்போது தடுப்பூசி கையில் சில ஊசிதான். அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். கடித்ததும் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும், அன்றைக்கே ஊசிக்குப் போகணும்.

"படிக்காத சனம், பாதியில வுட்டுட்டாங்க" என்றது ஊர். அம்மா சாகும்வரை தன்னையேதான் திட்டிக்கொண்டாள். காக்க வைத்தவர்களை ஒருவரும் கேட்கவில்லை.