தனுஷ்கோடியில் நம்ம ஆட்கள்

எங்கள் உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. போன கோடையில் எங்கள் சேரிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை ராமேஸ்வரம் அழைத்துப் போனபோது, அவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் முதல் ரயில் பயணம். மறுநாள் தனுஷ்கோடி. பழைய ரயில் நிலையத்தின் மொட்டைச் சுவர்கள் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டோம்.

அங்கே எல்லோரும் சொல்வது ஒரே கதைதான். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தது, போட் மெயில் வந்தது, இங்கே கப்பலேறினால் தலைமன்னார். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஒரு பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அத்தோடு ஊர் முடிந்தது.

"அக்கா, இந்த ரயில்ல நம்ம ஆளுங்க யாராச்சும் போயிருப்பாங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

போனார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்துப்போன வழி இது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, வட ஆற்காடு என்று பல ஊர்களிலிருந்தும் போனார்கள். அவர்களில் கணிசமானோர் பறையர், பள்ளர், அருந்ததியர். நிலமில்லாதவர்கள். பண்ணையாரிடமிருந்து தப்பிக்க அவர்களுக்குத் தெரிந்த வழியும் அதுதான். மண்டபம் முகாமில் நாள்கணக்கில் அடைத்து வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கப்பலுக்கு விட்டார்கள். வாங்கிய முன்பணம் கடனாகக் கூடவே போனது.

1948-இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும் என்று இரண்டு அரசுகளும் பங்கு பிரித்துக்கொண்டன. அந்தத் தொழிலாளர்களை யாரும் கேட்கவில்லை. 53 நாள் கழித்து, அவர்கள் போன வழியிலிருந்த ரயில் நிலையத்தைப் புயல் அழித்தது. அதன்பின் திரும்பி வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அப்போதும் அவர்களுக்குக் காத்திருந்தது மண்டபம் முகாம்தான்.

புயலில் போன ரயிலைப் பற்றிப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஐம்பது வருடம் அந்த வழியில் போன நம் மக்களைப் பற்றியும் பேச வேண்டாமா?

எங்கள் ஊர்க் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்க வருகிறவர்கள் "அந்தக் காலத்திலேயே தேர்தல்!" என்று வியக்கிறார்கள். நிலமும் வேத அறிவும் உள்ளவர்களுக்குத்தான் அந்தத் தேர்தல் என்று அதே கல்வெட்டு சொல்வதை யாரும் நின்று படிப்பதில்லை.

தோழர்களே, உங்கள் சேரியில் "கண்டிக்குப் போனவங்க" என்று யாரையாவது பெரியவர்கள் சொன்னால், உட்கார்ந்து கேளுங்கள். பெயர், போன வருடம், திரும்பி வந்தார்களா என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சொல்ல வேண்டியவர்களுக்கு வயதாகிவிட்டது.

ஜெய்பீம்.