அட்டவணையின் எடை

தில்லி அலுவலகத்தில், இணையப் பக்கங்களைச் சேமித்து வழங்கும் ‘ஸ்க்விட்’ ப்ராக்ஸி சர்வர் நாள்தோறும் நண்பகலில் திணறிற்று. மெமரி ஒதுக்கீடாக நான் குறித்திருந்தது 256 மெகாபைட். அதுவோ கணினியிலிருந்த 2 ஜிகாபைட்டையும் விழுங்கிற்று. இளைய ஊழியர்தான் எதையோ மாற்றியிருக்கிறார் எனப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டேன். அவர் மறுமொழி கூறவில்லை.

அன்றிரவுதான் விளக்கவுரையைப் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும். 256 என்பது முழு வரம்பன்று. அடிக்கடி கேட்கப்படும் பக்கங்களுக்கும் வந்துகொண்டிருப்பவற்றுக்கும் உரிய பங்கு மட்டுமே. டிஸ்க்கில் சேர்ந்தவற்றின் அட்டவணையும் மெமரியிலேயே குடியிருக்கும். 64 பிட் கணினியில், ஜிகாபைட் ஒன்றுக்கு ஏறத்தாழ 14 மெகாபைட். தாராளமாக 100 ஜிகாபைட் டிஸ்க் ஒதுக்கியவன் நானே! அட்டவணைக்கே 1,400 மெகாபைட்.

முப்பதாகக் குறைத்தேன், திணறல் நின்றது. மறுநாள், அதே பலர் முன்னிலையில், பிழை என்னுடையது என்றேன். “டீ ஆறிவிடும், சார்” என்றார் அவர்.